மாலையைக் கழற்றிய மறுநாள்

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதினைந்து வருடமாகக் குடிக்கிறார். கடந்த நாலு வருடமாகத் தினமும் இரண்டு குவாட்டர். சனிக்கிழமைச் சம்பளத்தில் பாதிகூட வீட்டுக்கு வருவதில்லை. முந்தின வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் தொடாமல் இருந்தார். மாலையைக் கழற்றிய மறுநாளே ஆரம்பித்துவிட்டார். போன கார்த்திகையிலும் மாலை போட்டார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கத்தினார். சாமி குத்தம் என்று மந்திரித்தோம். கடைசியில் மாலையைக் கழற்றிவிட்டுக் குடிக்கக் கொடுத்தபின்தான் அடங்கியது. இப்போது காலையில் குமட்டுகிறது, பாதம் எரிகிறது என்கிறார். நண்பர் ஒருவர், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். "நானே என்னைக் குடிகாரன்னு சொல்லிக்கணுமாம்" என்று சிரித்தார், அப்புறம் போகவில்லை. சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் அவருக்கே தெரியாமல் குடியை மறக்கவைக்கும் பொடி இருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். வண்டி வந்து தூக்கிப்போகும் மறுவாழ்வு மையத்தில் விடலாம் என்கிறார் கொழுந்தனார். "நீ நச்சரிக்கறதாலதான் குடிக்கறேன்" என்கிறார் இவர். இரண்டு முறை கை நீட்டிவிட்டார். பத்தாவது படிக்கும் மகன் அப்பாவோடு பேசுவதே இல்லை. நான் என்ன செய்யட்டும்?
வாசகி, திருப்பூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

பொடியை வாங்கிவிட்டீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால் முதல் வேலையாக அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துத் தருபவர்களும் உண்டு. குடியை நிறுத்த டாக்டர்களான நாங்களும் எழுதிக் கொடுக்கும் மருந்துதான் அது. குடித்ததை ஈரல் இரண்டு கட்டமாக உடைக்கிறது. முதல் கட்டத்தில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகும், இரண்டாம் கட்டத்தில் அது கழிந்துபோகும். டைசல்ஃபிராம் இந்த இரண்டாம் கட்டத்தை அடைத்துவிடும். அப்போது முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். 1940களில் டென்மார்க்கில் இதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்த இருவர், தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு விருந்தில் கொஞ்சம் குடிக்கப்போய் அவதிப்பட்டபோதுதான் மருந்தின் இந்தக் குணமே தெரிய வந்தது. விழுங்கியது அவர்களுக்குத் தெரியும். உங்கள் கணவருக்குத் தெரியாதே! ஈரலும் இதயமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் கொடுத்து, அவரும் வழக்கம்போல இரண்டு குவாட்டர் போட்டால் உயிரே போகலாம். பிழைத்துக்கொண்டாலும், அப்புறம் உங்கள் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிடமாட்டார். நாள்பட்ட குடியில் மனைவி மேல் சந்தேகம் முளைப்பதை அடிக்கடி பார்க்கிறோம். அந்தச் சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டு, டாக்டர் பார்வையில் சாப்பிட்டால் இதே மாத்திரை நல்ல காவல்.

அடுத்தது அந்த வலிப்பு. அது சாமி குத்தம் இல்லை. பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். தினமும் உள்ளே போகும் சாராயம் மூளையை மந்தப் பக்கம் இழுக்கிறது. மூளை சும்மா இருக்குமா? காலை ஊன்றி எதிர்ப்பக்கம் இழுக்கப் பழகிக்கொள்கிறது. வருடக்கணக்காக இந்த இழுபறி நடக்கிறது. ஒருநாள் காலையில் சாராயம் கயிற்றை விட்டுவிட்டால் எதிரணி மல்லாக்க விழத்தானே செய்யும்? கை நடுக்கமும் வியர்வையும் கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் ஆரம்பிக்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். சிலருக்கு இரண்டாம் நாள் தொடங்கி நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறும். இல்லாத எறும்பு தெரியும், இல்லாத ஆள் கூப்பிடுவார். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று இதற்குப் பெயர். நீங்கள் சொல்லும் நாள் கணக்கு பாடப் புத்தகத்தோடு அப்படியே பொருந்துகிறது. சிகிச்சை கிடைக்காவிட்டால் இதில் உயிர் போவதுண்டு. அன்று அவர் தப்பியது அதிர்ஷ்டம்.

கார்த்திகை முதல் வாரத்தில் கருப்பு வேட்டியோடு, கையெல்லாம் உதற, தூக்கிக்கொண்டு வரப்படும் சாமிகளை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் கடைகளை ஒரேயடியாக மூடியபோதும் இதே கதைதான்.

அதனால் நான் சொல்லப்போவது உங்களுக்கு விநோதமாகப் படலாம். டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் அவரைத் திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள். பாட்டிலை உடைக்க வேண்டாம், அறையில் பூட்ட வேண்டாம், கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்க வேண்டாம். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் ஒரு வாரம், பத்து நாள் வைத்துக்கொண்டால் இந்தக் கண்டத்தைத் தாண்டிவிடலாம். குளோர்டயாசெபாக்சைடு போன்ற மாத்திரையைத் தேவையான அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் குறைப்போம். கயிற்றைச் சட்டென்று விடாமல் மெல்ல மெல்லத் தளர்த்துகிற வேலைதான். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி போடுவோம். சத்து ஊசிதானே என்று நினைத்துவிடாதீர்கள். குடிப்பவர்களுக்கு பி1 தீர்ந்துபோனால் நடை தள்ளாடும், கண் அசைவு கெடும், ஞாபகசக்தி திரும்பாமலே போய்விடலாம். நம் ஊரில் 'தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்டு வாங்குகிற வழக்கம் உண்டு. குடிநோயாளிக்கு பி1 போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இந்தக் கேடு அப்போதே வரலாம். எங்கே போனாலும் "தினமும் குடிப்பவர்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் இடம் அது இல்லை.

உடம்பு எந்த அளவுக்குக் கெட்டிருக்கும் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடலாம். குவாட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையில் அது சுமார் 60 கிராம். இரண்டு குவாட்டருக்கு 120 கிராம். ஈரலால் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கழிக்க முடியும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு அவர் ஆரம்பித்தால், மறுநாள் காலை எட்டரைக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். "காலையில நான் தொடவே இல்லையே" என்பார். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த மிச்சத்தோடுதான் வண்டி ஓட்டிப்போகிறார், கட்டிங் மெஷினில் கை வைக்கிறார்.

பாத எரிச்சல் பெரும்பாலும் நரம்பு பாதிப்பு. குமட்டல், இரைப்பை புண்ணாலும் இருக்கலாம், ராத்திரிக் குடி இறங்கும்போது வரும் உதறலின் துணையாகவும் இருக்கலாம். ஈரலில் கொழுப்பு படிந்த நிலையில் இருந்தால், நிறுத்திய சில வாரங்களிலேயே அது சரியாகத் தொடங்கும். சுருங்கித் தழும்பேறிவிட்டால் பழையபடி ஆகாது, ஆனாலும் நிறுத்தினால் ஆயுள் நீளும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தால்தான் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரியும். ரத்த வாந்தி, தார் மாதிரிக் கருப்பாக மலம், கண்ணில் மஞ்சள், வயிறு வீக்கம், குழறலான பேச்சு ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் நாள் பார்க்காமல் அன்றைக்கே அழைத்துப்போங்கள்.

சரி, இனி உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்த வரிக்கு வருகிறேன். முந்தின வருடம் 48 நாள் தொடவில்லை என்றீர்களே, அது எப்படி முடிந்தது?

பக்தி என்று சொல்லிவிடலாம், தப்பில்லை. ஆனால் அந்த 48 நாளில் அவரைச் சுற்றி என்னவெல்லாம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். தனக்கு முன்னால் பலமுறை மலைக்குப் போன குருசாமி ஒருவர் இருந்தார், சந்தேகம் வந்தால் அவரைக் கேட்கலாம். சாயங்காலம் கடைக்குப் போகும் அதே நேரத்தில் பஜனைக்குப் போனார். கூட இருந்தவர்கள் எல்லாரும் அவரைப் போலவே விரதத்தில் இருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். பழைய கூட்டாளிகள்கூடக் கழுத்தைப் பார்த்து "வேண்டாம் விடு, மாலை போட்டிருக்கான்" என்று ஒதுங்கினார்கள். மாலையைக் கழற்றிய அன்று இந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே நாளில் கலைந்துபோனது. குருசாமி அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சாயங்காலம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வருடம் கழித்து வலிப்பு வந்ததென்றால், இடையில் நோய் இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

நிறுத்துவது அவருக்குத் தெரியும், நிறுத்தியே இருப்பதுதான் தெரியாது. மாத்திரை, ஊசியோடு என் வேலை பத்து நாளில் முடிந்துவிடும். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கின்றன, கொடுப்போம். ஆனால் பதினோராம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது. அதற்குத்தான் ஏ.ஏ.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த கதை சின்னதுதான். நியூயார்க்கில் பங்கு வர்த்தகம் பார்த்த பில் வில்சன், குடியை நிறுத்திச் சில மாதங்கள் ஆன நிலையில், 1935 மே மாதம் அமெரிக்காவின் ஏக்ரன் ஊருக்கு வந்தார். வந்த காரியம் தோற்றது. ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நின்றார், ஒரு பக்கம் பார் திறந்திருந்தது. அந்த நேரத்தில் அவர் தேடியது டாக்டரை இல்லை, தன்னைப் போலவே குடியில் அவதிப்படும் இன்னொருவரை. தொலைபேசியில் விசாரித்து விசாரித்துக் கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர், மோசமான குடிநோயாளி. கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர் ராத்திரி வரை பேசிக்கொண்டிருந்தார். அதோடு பாப் திருந்திவிட்டாரா என்றால், இல்லை. மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். திரும்பி வந்து, அவர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. உங்கள் கணவர் மறுபடி விழுந்தால் 'இது இவ்வளவுதான்' என்று நீங்கள் முடிவுகட்டும் முன் இந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சிரித்தாரே, அந்த வாசகத்தைப் பற்றியும் சொல்கிறேன். கூட்டத்தில் சொல்வது 'குடிகாரன்' இல்லை, 'குடிநோயாளி'. முதல் வார்த்தை அடுத்தவர் நம்மைத் திட்டுவது. இரண்டாவது, நாமே நம் நிலையைச் சொல்வது. சர்க்கரை நோயாளி என்று சொல்லிக்கொள்கிற மாதிரிதான். முதல் நாளே அதைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும், சேர வேறு நிபந்தனை இல்லை. கட்டணம் இல்லை. கடைசியில் சுற்றிவரும் பையில் முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசமாட்டார், அறிவுரை சொல்லமாட்டார். அங்கே கேட்டது வெளியே போகாது. பல ஊர்களில் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூடத்திலோ கூட்டம் நடக்கும், அதைப் பார்த்து மதம் மாற்றுகிறார்கள் என்று பயந்தவர்களும் உண்டு. இடம் கிடைத்த வசதிதான் காரணம். ஏ.ஏ.வில் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவார், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள். உங்கள் கணவருக்கு ஐயப்பனாகவே இருக்கட்டும்.

குருசாமி இருந்த இடத்தில் இங்கே 'ஸ்பான்சர்' இருப்பார், சில வருடங்களாகக் குடிக்காமல் இருக்கும் மூத்தவர். ராத்திரி பத்து மணிக்குக் கை அரிக்கும்போது போன் பண்ணலாம். பஜனை இருந்த இடத்தில் சாயங்காலக் கூட்டம். 'இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்' என்று யாரும் சத்தியம் கேட்கமாட்டார்கள். இன்றைக்கு மட்டும் முதல் கிளாஸைத் தொடாதே என்பார்கள். ஒரு வருடம் முடிந்தால் கேக் வெட்டுவார்கள், அதற்கு மனைவி பிள்ளைகளையும் அழைப்பார்கள். இந்த மாலைக்குக் கழற்றும் தேதி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, பலன் உண்டா என்று கேட்கலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ. வழியில் முறையாகச் சேர்க்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்து முழுமையாகக் குடியில்லாமல் இருந்தார்கள், மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். பாதிக்கு மேல் தவறினார்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இன்னொன்று. கூட்டத்தில் யாராவது ஒருவர், மனநல மாத்திரையெல்லாம் எதற்கு, நிறுத்திவிடுங்கள் என்று சொல்லலாம். அது ஏ.ஏ.வின் கொள்கை இல்லை. மாத்திரை விஷயத்தில் டாக்டர் சொல்வதை மட்டும் கேட்கவேண்டும்.

கொழுந்தனார் சொன்ன வண்டி. தயவுசெய்து வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநிலைப் பாதிப்பும் அடங்கும். யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அப்படிக் கட்டிவைத்த தழும்போடு வந்தவர்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். எந்த மையமானாலும் அரசின் பதிவு உண்டா, மனநல டாக்டர் தினமும் வருகிறாரா, நீங்கள் நினைத்தபோது போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்தச் சிகிச்சை இலவசம். சென்னை வர முடிந்தால், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, அங்கே குடும்பத்தாருக்கும் தனியாக வகுப்பு உண்டு. போனில் வழி கேட்க 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம்.

அவர் வரமாட்டேன் என்பாரே? ராத்திரியில் பேசாதீர்கள். போதையில் பேசியது மறுநாள் அவருக்கு நிஜமாகவே நினைவில் இருக்காது, எல்லா நேரமும் அது நடிப்பில்லை. கை நடுங்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மகன் இல்லாத நேரத்தில், மூன்று வாக்கியம் போதும். "அன்னிக்கு வந்த வலிப்பு குடியை சட்டுன்னு நிறுத்தினதால வந்தது. மருந்தோட நிறுத்தினா வராது. நான் கூட வர்றேன்." அந்த எறும்பும் குரலும் அவரையும் பயமுறுத்தியிருக்கும். நச்சரிப்பு வேலை செய்யாத இடத்தில் அந்தப் பயம் வேலை செய்யலாம். கூட்டத்துக்கு அழைத்துப்போன நண்பரிடம் இன்னொருமுறை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

நச்சரிப்பதால்தான் குடிக்கிறாரா? இல்லை. நீங்கள் ஊருக்குப் போயிருந்த நாட்களில் குடிக்காமலா இருந்தார்? உங்களால் வந்த நோய் இல்லை இது, உங்களால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது. அல்-அனான் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அல்-அனான், குடிப்பவரின் வீட்டாருக்கான தனி அமைப்பு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கியது. கணவர் குடியை விட்டபிறகும் தினம் கூட்டம் கூட்டமென்று ஓடுவதைப் பார்த்து, ஒருநாள் ஆத்திரத்தில் செருப்பைத் தூக்கி அவர் மேல் எறிந்தார் அந்த அம்மா. அப்போதுதான் தனக்கும் உதவி வேண்டும் என்று உறைத்ததாம். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

நீங்கள் போனால் அவர் மாறிவிடுவாரா? அதற்காகப் போகாதீர்கள். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குடும்பத்தார் அல்-அனான் வழியில் சென்ற வீடுகளில் 13 சதவீதம் பேர்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். குடிக்காத நேரத்தில் அன்பாக இருந்து, குடித்த நேரத்தில் விலகி, சரியான சமயம் பார்த்துச் சிகிச்சைக்கு அழைக்கக் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில் 64 சதவீதம். மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை யோசனை அந்த வழிதான். ஆனால் அந்தக் குடும்பத்தாரின் சொந்த மனநிம்மதி இரண்டிலும் ஒரே மாதிரி தேறியது. உங்களுக்கு இப்போது அதுவும் வேண்டும். அவர் கிளம்பும்வரை காத்திருக்காமல் நீங்கள் முதலில் கிளம்பலாம்.

கம்பெனிக்குப் போன் செய்து 'காய்ச்சல்' என்று பொய் சொல்வது உங்கள் வீட்டிலும் நடக்கிறதா? நடந்தால், இந்த வாரத்திலிருந்து அதை மட்டும் விட்டுப் பாருங்கள். அவரே பேசிக்கொள்ளட்டும். அவர் வாங்கும் வார வட்டிக்கு நீங்கள் கையெழுத்துப் போடவேண்டாம்.

கை நீட்டிய விஷயம் தனி. குடி நோய்தான், ஆனால் நோய் யாருக்கும் அடிக்க உரிமை தராது. மூன்றாவது முறை என்று ஒன்று வந்தால் எந்த வீட்டுக்குப் போவது, எந்தப் பை, எவ்வளவு பணம் என்று இப்போதே முடிவு செய்து மகனிடமும் சொல்லி வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, எந்நேரமும் எடுப்பார்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குத் துணை.

மகனிடம், "அப்பாகிட்ட பேசு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அப்பாவுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று மட்டும் சொல்லுங்கள், அன்று பார்த்த வலிப்பு ஏன் வந்தது என்பதையும் சேர்த்து. பதினைந்து வயதுப் பையன் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருப்பான். குடிநோய்க்கான சாத்தியத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரை வழியாக வருகிறது, அதனால் மற்ற பையன்களைவிட இவன் முதல் பீரிலிருந்தே கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கும். அதை மிரட்டலாகச் சொல்லாமல், சர்க்கரை உள்ள குடும்பத்தில் சொல்வது மாதிரிச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும், இப்போதே எல்லாவற்றையும் அவன் தலையில் ஏற்ற வேண்டாம்.

அல்-அனான் கூட்டம் எங்கே, எப்போது என்று அந்த ஏ.ஏ. நண்பரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். முதல் நாள் நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை, பேர்கூட முழுசாகச் சொல்லத் தேவையில்லை. டீ கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். உங்கள் வீட்டுக் கதையை வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார்.